மகன் ஜெபராஜுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகன் ஜெபராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மெர்சியும் பாப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் பேசினால் "எல்லாம் சரிம்மா, வேலை இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வீடியோவில் மெர்சி பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கையில் வளையல் இல்லை. அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது, தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. கோயில் வாசலில் உன் சித்தி, "மெட்ராஸ் கம்பெனிகளில் ஆட்களை நிறுத்துகிறார்களாமே" என்றாள். என் மகன் ராப்பகல் பார்க்காமல் உழைக்கிறவன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது உண்மைதானே. ஆனாலும் அன்று ஆராதனையில் மனம் நிற்கவில்லை.

ஊர்ச் சபைக்கு நீ அனுப்பும் தசமபாகம் கொஞ்ச நாளாக வரவில்லை. அதைக் கேட்க எழுதவில்லை. ஆனால் அந்த டிவி ஊழியத்துக்குப் பங்காளர் காணிக்கை மட்டும் நிற்காமல் போகிறது என்று மெர்சி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. கடன் வாங்கியாவது விதை, நூறு மடங்கு வரும் என்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே ராஜா. விசுவாசம் குறைந்ததால்தான் கஷ்டம் வருகிறது என்று அவர்கள் சொல்வது பொய். வேதத்தில் மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் கொடுத்தார்களே என்பாய். அவர்கள் கொடுத்தது எருசலேமில் இல்லாமையில் இருந்த பரிசுத்தவான்களுக்கு. திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

ஆபகூக் மூன்றாம் அதிகாரம் நீ சண்டே ஸ்கூலில் தடங்கலில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினது. இன்னொரு தடவை எடுத்து வாசி. அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், கிடையில் ஆடு, தொழுவத்தில் மாடு என்று இல்லாமல் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தீர்க்கதரிசி கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். தொழுவம் நிறைய மாடு நிற்பதுபோல் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்பாவின் மில் மூடின வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுவேனே, பெண்கள் ஐக்கியத்துக்குக் கொடுக்க. அந்த வருஷம் அதே பிடி அரிசிதான் ஒரு பையில் நம் வீட்டுக்கு வந்தது. பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது, ஒன்று வெந்தால் ஒன்று வேகாது. கஞ்சியாக வைத்தேன். நீ இரண்டு தடவை வாங்கிக் குடித்தாய். அப்பா வெட்கப்படவில்லை. எலியா தீர்க்கதரிசியே சாறிபாத் ஊர் விதவையிடம் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

நம் ஊர் நாசரேத் எப்படி எழுந்தது என்று நான் உனக்குச் சொல்லவா வேண்டும்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டார். அதோடு விடாமல் 1878-ல் தொழிற்பள்ளி தொடங்கி அவர்கள் கையில் ஒரு தொழிலையும் கொடுத்தார். ஜெபம் மட்டும் பண்ணி அனுப்பவில்லை. அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவன் நீ. கஷ்டத்தைச் சபையாரிடம் சொல்ல உனக்கு ஏன் கூச்சம்? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டுமென்றால் பாரம் இருப்பது முதலில் தெரிய வேண்டாமா? அங்கே உங்கள் ஆயரிடம் போய்ப் பேசு. ஆராதனையை விடாதே. மெர்சி தனியாகப் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் உடனே கடன் தருகிறவர்களிடம் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் தோப்புக் குத்தகைப் பணத்தை பேங்கில் போடாமல் பீரோவிலேயே வைத்திருக்கிறார். கூரைக்கு ஓடு மாற்றத்தானே என்றேன், ஓடு ஒழுகினால் ஒழுகட்டும் என்கிறார்.

பாப்பாவுக்கு லீவு விட்டதும் செந்தூர் எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கும் டிக்கெட் போடு. காசு நாங்கள் அனுப்புகிறோம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். ஏன் வந்தீர்கள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா