கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மழைதான் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் பண்ணவில்லை. வேலை இருக்கும், தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாயே, யோஷினோரி கனதா, அவர் யார் என்று தம்பியிடம் கேட்டேன். உன்னை மாதிரியே ஜப்பானில் அனிமேஷன் படங்களுக்கு வரைந்தவராம். போனில் தேடித் தேடிக் காட்டினான். 1983-இல் வந்த 'கென்மா தைசென்' படத்தில் நெருப்பு டிராகன் ஒன்று எழும்பி வருகிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தினால் நெருப்பாகவே தெரியவில்லை. உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மஞ்சளும் சிவப்பும் கூர்கூராகக் கிடக்கிறது. ஓடவிட்டால் பொங்கிக்கொண்டு வருகிறது. வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிற இடத்தில், ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தி, 8 படத்திலேயே முடித்துவிடுவீர்களாமே. அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே எதை நிறுத்துவது, எதைத் தாவிப்போவது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் அந்த வேகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்.

'நௌசிகா' படத்து ஆகாயச் சண்டையிலும் அவர் கை இருக்கிறது என்றான். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் சொல்கிறேன், வளைவில் வண்டி சாயும்போது வயிற்றைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுப்பைக் காகிதத்தில் கொண்டுவந்துவிட்டார் அந்த மனிதர். 1986-இல் 'லாபுதா' படத்தில், கீ பிரேம், அதாவது அசைவின் முக்கியப் படங்களை வரைகிறவர்களுக்கெல்லாம் தலைவர் என்று டைட்டிலில் அவருக்குத் தனியாகப் பெயர் போட்டார்களாம். அப்புறம் நாற்பத்தைந்து வயசுக்கு மேல் ஸ்கொயர் என்கிற வீடியோ கேம் கம்பெனிக்குப் போய், ஹவாயில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படமும் செய்திருக்கிறார்.

கடைசியில் தம்பி ஒரு பக்கத்தை வேகமாகத் தள்ளிவிடப் பார்த்தான். அதற்குள் படித்துவிட்டேன். 2009 ஜூலை 21, மாரடைப்பு, வயது 57. எனக்கு அந்த வயசில் ரிட்டயர்மென்ட்டுக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது.

வேலைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி தூங்கு, அவ்வளவுதான். டபுள் டூட்டி பார்த்தவன் சொல்கிறேன். விக்கிரவாண்டி புளியமரம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றாய். மெதுவாக ஏறு. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே. சும்மாதான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு படத்தின் முடிவில் உன் பெயர் ஓடியதை அவன் காட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனாலும் டிப்போ வாசல் டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன். வீட்டுக்கு வந்து, இன்பிட்வீன், அதுதான் முக்கியப் படங்களுக்கு நடுவில் நிரப்பும் படம், ஒன்றுக்கு 200 யென் அளவில்தான் என்று படித்து, வாடகைக்கு நீ எத்தனை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பேங்க் பரீட்சை பாஸ் பண்ணினவள் நீ. சரி, அதை இனி பேசவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சங்கத்து டைரி ஓரத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு பஸ் வரைந்திருந்தாய். விரலால் புரட்டினால் கண்மாய்க்கரை வளைவில் சாய்ந்து திரும்பும். டிரைவர் சீட்டில் மீசை வைத்த ஆள் ஒருவன். அதையும் மற்ற நோட்டுகளையும் எடைக்குப் போட்டது அம்மா இல்லை. நான்தான். பிளஸ் டூவில் உனக்கு மார்க் குறைந்த கோபத்தில் போட்டேன். பேப்பர்காரர் தராசில் வைக்கும்போது அந்த டைரி மேலேதான் இருந்தது. ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். நீ ஒரு வாரம் அம்மாவிடம் பேசாமல் இருந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. அவளும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வளைவை அவ்வளவு சரியாகப் போட்டிருந்தாய் அம்மா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியே உடம்பைப் பரிசோதிக்க அனுப்புமாமே. உனக்கு உண்டா? இல்லையென்றால் செலவு நான் அனுப்புகிறேன். ஈசிஜியும் எடுக்கச் சொல். தள்ளிப்போடாதே.

பருப்புப்பொடியும் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை 10 மணிக்கு எழுந்திருப்பாய் அல்லவா, இங்கே ஆறரை. நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அப்பா