எந்த ஊருங்க என்று கேட்டதில் வந்த வினை

அவினாசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரசு,

நலம், நலமறிய ஆவல், மாமியாரின் முட்டி வலி எப்படி, அண்ணன் தென்னைக்கு மருந்து வைத்தாரா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாயிற்று. இங்கே வீட்டுக்காரருக்குச் சர்க்கரை அப்படியே இருக்கிறது. மாத்திரையும் அப்படியே, எனக்குத் தெரியாமல் தின்னும் ஜிலேபியும் அப்படியே. பொங்கலுக்குப் போடுகிறேன் என்று நீ சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே குறுக்கே ‘அப்புறம், அப்புறம்’ என்று ஓட்டுவாய், பாதியில் உன் குக்கர் விசில் அடிக்கும், விஷயம் அதோடு போய்விடும். இது எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம். உட்கார்ந்து படி.

இந்த செமஸ்டரில் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பேப்பரை என் தலையில் கட்டினார்கள். பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடல் என்று பெயர். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள், அதனால் பாடத்திட்டம் முழுக்கச் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்தான். ஜெர்மன்காரரைக் காக்க வைக்காதே, ஜப்பான்காரருக்கு விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, இப்படி. கார்டு கொடுத்துப் பழகச் சொன்னபோது கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், “எங்க அம்மிச்சி வெத்தலை பாக்கே ரெண்டு கையிலதானுங்க மேடம் கொடுக்கும், இதுக்கு எதுக்குங்க ஃபீஸ்?” என்றான். மீசை சாராக இருந்தால் அவனை வெளியே நிறுத்தியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாடம் மோசம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறைக்கு வித்திட்டவர் என்று எட்வர்ட் ஹாலைச் சொல்வார்கள். அமெரிக்க மானிடவியலாளர். 1950களின் தொடக்கத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். எவ்வளவு தள்ளி நிற்கிறோம், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோம் என்பதெல்லாமே பேச்சுதான் என்று சொன்னவர். 1976இல், சில பண்பாடுகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லிலேயே வைப்பார்கள், சிலவற்றில் பெரும்பகுதியைச் சூழலே சொல்லிவிடும் என்று பிரித்தார். நம் ஊரில் விருந்தாளி “இப்பத்தான் சாப்பிட்டேனுங்க” என்பார், நாம் இலையைப் போட்டுக்கொண்டே இருப்போம். அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஜெர்மன்காரர் இப்படிச் சொன்னால் நிஜமாகவே சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது.

என் எரிச்சல் வேறு. பண்பாடு என்றால் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற சாமான் என்று பாடத்திட்டம் போட்டவர்களுக்கு எண்ணம். அதுவும் திருப்பூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் நின்றால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் எல்லாம் நடந்து போகிறது. என் வகுப்பிலேயே ஒரு பீகார் பொண்ணு இருக்கிறாள். அப்பா ஓவர்லாக் டெய்லர். இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவள், என் தம்பி மகனைவிட நன்றாகத் தமிழ் எழுதுவாள்.

அதனால் பையரை ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சுகளையும் ஓரமாகத் தள்ளி, எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தேன். (பி.எட். படிக்கும்போது நம் வட்டம் எப்படி முடிந்தது என்று நீ சிரிப்பது கேட்கிறது. மூடு.) பேசி முடித்ததும் ஆளுக்கொரு நோட்டில் எழுத வேண்டும், மூன்று கட்டம் போட்டு. பார்த்தது என்ன, அதற்கு நான் கொடுத்த அர்த்தம் என்ன, அதைப் பற்றி என் தீர்ப்பு என்ன. இந்தத் துறையில் பழைய பயிற்சி இது. சொல்லும்போது சுலபமாக இருக்கும், எழுத உட்கார்ந்தால்தான் தெரியும். ஒருத்தன் முதல் கட்டத்தில், ‘வடக்கத்திப் பசங்க பஸ் ஸ்டாண்டில் மரியாதை இல்லாமல் கத்திப் பேசுகிறார்கள்’ என்று எழுதினான். மரியாதை இல்லாததை நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். அரை மணி நேரம் ரகளை. கடைசியில் அந்தப் பீகார் பொண்ணு, “நாள் முழுக்க மெஷின் சத்தத்துல நிக்கிறவங்க அப்படித்தான் பேசுவாங்க, எங்க அப்பா வீட்டுலயே கத்தித்தான் தண்ணி கேப்பாரு” என்றாள். எழுதியவனுடைய அப்பா நிட்டிங் வைத்திருப்பவர். “எங்கப்பாவும் அப்படித்தான்டா!” என்று அவனே கத்தினான். நோட்டில் அடித்துத் திருத்தினான்.

2023 மார்ச் உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அப்போது நம் ஊரில் எல்லாரும் மெஷின் நின்றுவிடுமே என்றுதான் பேசினோம். அவள் அந்த நாட்களை உள்ளே இருந்து சொன்னாள். வீடியோ பொய் என்று அப்பாவுக்குத் தெரியும், ஆனால் ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தெரியாது, போன் நிற்கவே இல்லை. லைன் வீட்டு ஓனர் அம்மா மட்டும் சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். வகுப்பில் யாரும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் பெரிய வாத்தியாராகத்தான் வந்தேன், மறைக்க மாட்டேன்.

இனிமேல்தான் விஷயம்.

அடுத்த வாரம், புது ஆளைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்பது தலைப்பு. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன், நல்ல பையன், பெருமையாக ஆரம்பித்தான். எந்த ஊருங்க, யார் வீடுங்க, என்ன கூட்டமுங்க (குலத்தைத்தான்) என்று வரிசையாகக் கேட்போம், அதில் பங்காளியா மாமன் மச்சானா என்று தெரிந்துவிடும், உடனே முறை வைத்துக் கூப்பிட்டு உரிமையாகப் பழகிவிடுவோம் என்று பீகார் பொண்ணுக்கு விளக்கினான். வட்டத்தில் பாதித் தலை ஆடியது.

அவள், “எங்க ஊர்ல முழுப் பேரைக் கேப்பாங்க” என்றாள். “பேரைச் சொன்னா, அப்புறம்? முழுப் பேரு? அப்படிம்பாங்க. எதுக்குக் கேக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.”

பையனுக்குப் புரியவில்லை. அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெண் நம்ம பக்கத்துப் பிள்ளைதான். அதுவரை வாயே திறக்காதவள். “எனக்குப் புரியுது” என்றாள். எந்த ஊர் என்று கேட்டால் பஞ்சாயத்துப் பெயரைத்தான் சொல்வாளாம், குடியிருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டாளாம். அப்படியும் விட மாட்டார்கள், ‘ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?’ என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு தண்ணீர் வருகிறதா, எதில் வருகிறது என்று பார்ப்பாளாம். குரலை உயர்த்தவே இல்லை சரசு. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ரயிலில் இரண்டு நாள் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது, ஒரே தாலுக்காவில் பிறந்து ஒரே பஸ்ஸில் வருகிறவனுக்குப் புரியவில்லை. நான் வகுப்பில் வைத்திருந்த வரைபடம் முழுக்கத் தப்பான இடத்தில் எல்லை போட்டிருந்தது.

பையன் என்ன சொன்னான் தெரியுமா? “நாங்கள்லாம் அப்படிப் பார்க்கிறதில்லைங்க, எல்லாரும் மனுஷங்கதானே.” உடனே நாலு பேர் அதையே சொன்னார்கள். மில்டன் பென்னட் என்பவர் 1986இல், வித்தியாசங்களை மனிதர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆறு படிகள் சொன்னார். வித்தியாசமே கண்ணில் படாதது முதல் படி, என் பழக்கம்தான் உசத்தி என்பது இரண்டாவது. இந்த ‘எல்லாரும் ஒண்ணுதானே’ மூன்றாவது படிதான். நம் பிள்ளைகள் அதை மொட்டை மாடி என்று நினைத்துப் பாய் விரித்துப் படுத்துவிடுகிறார்கள். அதைச் சொன்ன கணமே, எதிரில் இருப்பவள் சொன்னது கேட்காமல் போய்விடுகிறது.

நம்ம பக்கத்துப் பிள்ளை மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்று தோழி சொன்னாள். இருக்கலாம். நோட்டை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். கட்டம் எதுவும் போடவில்லை, ஒரு வரிதான்: ‘சொன்னதில் வருத்தம் இல்லை மேடம். கேட்டவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேனே என்றுதான்.’

இந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. உரையாடல், உரையாடல் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதில் வலியை எடுத்து வைப்பது யார் வேலையாக முடிகிறது? பட்டவளே பாடமும் நடத்த வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் கேட்டு, நெகிழ்ந்து, மார்க் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறார்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதிவிட்டார், பழகினால் மட்டும் வெறுப்புக் குறையாது, சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு நான்கும் வேண்டும் என்று. திருப்பூரில் பழக்கத்துக்கா பஞ்சம்? ஒரே டேபிளில் டெய்லரும், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சனிக்கிழமை சம்பளக் கவரில் தெரிந்துவிடும் யார் எங்கே என்று. வகுப்பிலாவது சமம் இருக்கும் என்றுதான் நாற்காலிகளை வட்டமாகப் போட்டது.

இன்னொரு பக்கம் மேலே இருப்பவர்களின் ஆதரவு. துறைத் தலைமை கேட்கிறது, நோட்டுக்கு இருபது மார்க் என்றால் எதை வைத்துப் போடுகிறீர்கள், அட்டவணை கொடுங்கள் என்று. அட்டவணை கொடுத்த மறுவாரம் மூன்று நோட்டில் ஒரே வாக்கியம், ‘இந்த அனுபவம் என் பார்வையை விரிவாக்கியது’. கமா கூட மாறவில்லை. எந்த மெஷின் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. மெஷினுக்காவது விரிந்ததே.

அந்தப் பையனின் நோட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தில் மட்டும் எழுதியிருக்கிறான். ‘எங்கள் வீட்டுப் பின்கட்டில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு அலுமினிய டம்ளர் மாட்டியிருக்கும். அதை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. யாருக்கு என்று அப்பாருவிடம் கேட்டேன். அதெல்லாம் இப்ப யாருடா பார்க்கறாங்க என்றார். டம்ளர் அங்கேயே இருக்கிறது.’ அர்த்தம், தீர்ப்பு இரண்டும் காலி. அட்டவணைப்படி இவனுக்கு இருபதுக்கு ஏழுதான் வரும். இந்த வருஷம் நான் படித்த நோட்டுகளில் இதைவிட நேர்மையாக ஒன்று இல்லை. பதினெட்டு போட்டேன், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வகுப்பு இப்போது பயந்து கிடக்கிறது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட யோசிக்கிறார்கள். இதை நாகரிகம் என்று துறைத் தலைமை பாராட்டுகிறது. எனக்கு இது பழைய மௌனமே சட்டை மாற்றிக்கொண்டு வந்த மாதிரிதான் தெரிகிறது.

அடுத்த வகுப்பை மாற்றிப் போட்டிருக்கிறேன். யாரும் பட்டதைச் சொல்ல வேண்டாம். கேட்கிறவர்கள் மட்டும் பேச வேண்டும். நீ கடைசியாக யாரிடம் ‘எந்த ஊர்’ என்று கேட்டாய், பதில் வந்ததும் உன் நடத்தையில் என்ன மாறியது, அவ்வளவுதான். அவள் விருப்பப்பட்டால் வரட்டும், வராவிட்டாலும் வருகைப் பதிவு போட்டுவிடுவேன்.

இது சரிதானா, இல்லை இதிலும் அவளை ஓரத்தில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறேனா? உன் மகளிர் குழுக்களில் ஊருக்குள் இருப்பவர்களையும் காலனிக்காரர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து இத்தனை வருஷம் பேச வைத்திருக்கிறாய். யாரை முதலில் பேசவிடுவாய்? யாரை அடக்குவாய்? நிஜமாகவே கேட்கிறேன், கிண்டல் பண்ணாதே.

வகுப்பு வியாழன் பதினோரு மணிக்கு. வந்து பின்னால் உட்கார்ந்து பாரேன். குன்னத்தூர் வழியாக வரும் பஸ்ஸில் ஏறிப் பெருமாநல்லூரில் இறங்கிவிடு, ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உன்,
கோமதி