பரீட்சை இல்லாத ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் மொழி படிப்பது வீண் சுமை என்று இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் சொல்லக் கேட்கிறேன். "கடைத்தெருவில் யாரும் பேசாத பாஷை. அந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டால் ஆகாதா?" என்று நானும் சொன்னவள்தான். லிமரிக்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஓராண்டாக வியாழக்கிழமை மாலைகளில் போய் உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் போனது மகளுக்காக. வீட்டுப்பாடத்தில் ஒரு சொல்லுக்கு மேல் போட வேண்டிய சின்னச் சாய்கோட்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். கோடு போட்டால் 'ஃபேர்', புல். கோடு இல்லாவிட்டால் 'ஃபர்', ஆண்பிள்ளை. பசு புல் தின்றது என்று எழுத நினைத்தவள், பசு ஆளைத் தின்றது என்று எழுதியிருந்தாள். அந்தக் கோட்டின் பெயர் 'ஃபாடா'. அப்படியென்றால் நீளமானது, நெடியது என்று பொருள். நம் நெடில்தான்! அதை நூலகத்தில் ஒரு பாட்டி சொன்ன நிமிடத்திலேயே எனக்கு இந்த மொழி அந்நியம் இல்லாமல் போயிற்று.

இங்கே பொது நூலகத்தில் சேரக் கட்டணம் இல்லை. புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் அபராதமும் 2019 முதல் கிடையாது. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் வாசிப்புத் திட்டம், அக்டோபரில் புத்தக விழா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். எங்கள் நூலகத்தின் ஐரிஷ் பேச்சு வட்டத்தை 'கிர்கல் கோரா' என்பார்கள். ஒரு வட்ட மேசை, கெட்டில், பத்துப் பேருக்கு மேல் இல்லை. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஆசிரியை, போலந்துக்காரர் ஒருவர், நான். அந்த ஒரு மணி நேரம் ஐரிஷ் மட்டும். தப்பாகப் பேசினால் யாரும் இடைமறித்துத் திருத்துவதில்லை. 'கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல்' என்பது அவர்கள் பழமொழி. பழமொழிக்கு அவர்கள் சொல் 'ஷன் ஓகல்'. பழைய சொல் என்றே பொருள். சொல்லுக்குச் சொல் நம்முடையதேதான்.

இன்னும் இருக்கிறது. ஐரிஷில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." "வருகிறாயா?" "வருகிறேன்." நாம் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? பசி, களைப்பு, வருத்தம் எல்லாம் ஒருவர் மேல் வந்து அமர்வதாகத்தான் அந்த மொழியில் சொல்ல முடியும்: 'பசி என் மேல் இருக்கிறது'. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்தவளுக்கு இது விளங்க ஆங்கிலத்தின் துணை வேண்டியிருக்கவில்லை.

அந்த ஓட்டுநர் ஒருநாள் சொன்னார்: பள்ளியில் பதின்மூன்று வருஷம் ஐரிஷ் படித்தாராம், ஒருநாள்கூடப் பேசியதில்லையாம். 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரிஷ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரத்துக்குள்தான். 1937 அரசியல் சட்டத்தில் தேசிய மொழி, முதல் ஆட்சிமொழி என்ற இடம். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழி. எல்லாம் இருந்தும், பேசுவதற்கு ஒரு மேசை இல்லாமல் போயிருக்கிறது.

மொழி போன கதை நெஞ்சை அடைக்கும். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். ஐரிஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசிய ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மாலையில் எண்ணி அடிப்பார்களாம். பெற்றவர்களே அதற்கு உடன்பட்டிருக்கிறார்கள், பிள்ளை பிழைக்க ஆங்கிலம் வேண்டுமே என்று. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு கப்பலேறினார்கள். அதிகம் அழிந்தது ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதி.

மாதத்தில் ஒரு வியாழன், பேச்சு முடிந்தபின் எழுத்து நேரம். 1937 முதல் 1939 வரை இந்நாட்டில் ஒரு பெரிய வேலை நடந்தது. சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ 50,000 பேர், தாத்தா பாட்டிகளிடம் கேட்டு ஊர்க்கதை, கைவைத்தியம், மழைக்குறி, விளையாட்டு என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலகர் அதில் ஒரு பக்கத்தை அச்செடுத்து வந்தார். பழைய ஐரிஷ் எழுத்து. மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி. என் மகள் விரலை வைத்து, "அம்மா, நம்ம புள்ளி!" என்றாள். (அங்கே அது மெய்யின் ஓசையை மென்மையாக்கும். பிறகு அச்சில் அந்த இடத்தை வேறோர் எழுத்து பிடித்துக்கொண்டது.)

அந்தப் பக்கம் வெண்ணெய் கடைவதைப் பற்றியது. கடையும் நேரத்தில் யார் வீட்டுக்குள் வந்தாலும் அவரும் மத்தைப் பிடித்து ஒரு கை போட வேண்டும். இல்லையென்றால் வெண்ணெயோடு அதிர்ஷ்டமும் போய்விடும். நீங்களும் வீட்டுப் பெரியவரிடம் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் நூலகர்.

மகள் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு, "ஆச்சி, நீங்க மோர் கடைவீங்களா?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம். மத்துக் கயிறு எந்தத் தூணில் கட்டியிருந்தது, வெண்ணெய் திரளும்போது சத்தம் எப்படி மாறும், தாழி உடைந்த பழமொழி வரை ஆச்சி சொல்லித் தீர்த்தார். எனக்கே அதில் பாதி தெரியாது. நானும் கேட்டதில்லை. மறுவாரம் மகள் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தாழிக்கு ஐரிஷில் 'குன்யோக்' என்று போட்டு வாசித்தாள். ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அம்மாவின் குன்யோக் அடுப்படி மூலையில் நின்றதாம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் பாடநூல் உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. வகுப்பு நடத்துகிறவர்கள் தம் ஓய்வு நாளைக் கொடுத்து உழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் வாசலைத் தாண்டியதும் ஆங்கிலத்துக்கு மாறுவதை வாராவாரம் பார்க்கிறேன். ஓட்டுநர் சொன்னது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அதனால் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு மணி நேரம் தமிழ்ப் பேச்சு மேசைக்கு இடம் தரும்படி நூலகத்தில் கேட்டிருக்கிறோம்.

மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழி வாரம் வருகிறது. 1902இல் தொடங்கியது, பெயர்தான் வாரம். அயர்லாந்து வாழ் தமிழ் வாசகர்கள் அப்போது பக்கத்து நூலகத்தில் விசாரித்து, பிள்ளையோடு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதி அனுப்புவதை வெளியிட, இதழில் மாதம் அரைப் பக்கம் ஒதுக்கித் தர முடியுமா? எழுத்துப் பிழையோடு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். முதல் கட்டுரையாக ஆச்சியின் தாழியை நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
லிமரிக், அயர்லாந்து.