ரம்பத்தோடும் தார்ப்பாயோடும் வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் டொர்னேடோ என்ற சுழல்காற்று அடித்த ஊர்களுக்கு உதவ வந்த அனைவருக்கும் வணக்கம்.

டொர்னேடோ ஒரு வீட்டைக் கடந்துபோகச் சில நொடிகளே ஆகும். காற்று ஓய்ந்த பிறகும் சாவு ஓய்வதில்லை. மரம் அறுக்கையில், கூரையிலிருந்து தவறி, ஜெனரேட்டர் புகையில் என்று அடுத்த வாரங்களிலும் உயிர் போகும். அப்படி இன்னொரு உயிர் போகாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

மரம் அறுத்தவர்களுக்கு முதல் நன்றி. சாய்ந்து கிடக்கும் மரம் நாணேற்றிய வில்லைப் போல விறைத்திருக்கும். அமுங்கியிருக்கும் பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, மிச்சத்தை இழுபட்டிருக்கும் பக்கத்திலிருந்து அறுக்க வேண்டும். அமுங்கிய பக்கத்திலேயே அறுத்துக்கொண்டு போனால் வெட்டுவாய் மூடி ரம்பம் சிக்கிக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் தொடங்கினாலோ மரம் பிளந்து ஆள்மேல் பாயும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தூர் சட்டென்று குழிக்குள் திரும்ப விழும். அந்தக் குழிப்பக்கம் பிள்ளைகள் போகாமலிருக்க ஒருவரைக் காவலுக்கு நிறுத்தினீர்கள். கம்பிமேல் கிடந்த மரத்தை, எவ்வளவு கெஞ்சினாலும், லைன்மேன் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை தொட மறுத்தீர்கள். அந்த மறுப்புக்கும் நன்றி.

கூரை ஏறியவர்களே, ஓட்டையை மட்டும் மூடி நாலு ஆணி அடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். முதல் காற்றிலேயே ஆணி இருந்த இடம் கிழிந்திருக்கும். நீங்கள் தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கம் 4 அடி இறக்கி, ஓரத்தை மரச்சட்டத்தில் சுற்றி, சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டீர்கள். முகட்டுக்குக் கீழேயே நின்றுபோன தார்ப்பாயின் மேல்விளிம்பு வழியாக மழைநீர் உள்ளே புகும். நனைந்த சுவர்ப்பலகையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் நின்றுகொண்டிருக்கும் சுவரையும் உரித்துப் போட வேண்டியதுதான்.

தெருவோரத்தில் கிளைகள் தனி, கட்டட இடிபாடு தனி, ஃப்ரிட்ஜ் போன்றவை தனி, பெயின்டும் பூச்சிமருந்தும் பேட்டரியும் தனி என்று குவித்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு டப்பா பூச்சிமருந்து கலந்தாலும் அந்தக் குவியலை லாரி விட்டுவிட்டுப் போகக்கூடும். கெட்டுப்போன ஃப்ரிட்ஜைத் திறக்காமல் டேப் சுற்றி வைத்ததும், தீயணைப்புக் குழாயையும் எரிவாயு மீட்டரையும் ஒட்டிக் குவிக்காததும் அனுபவசாலிகள் செய்யும் வேலை.

மருத்துவ உதவி மேசையில் இருந்த செவிலியர்களுக்கு: 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலம் ஜாப்ளினை அடித்த டொர்னேடோ நேரடியாக 158 பேரைக் கொன்றது. மண்ணும் மரச்சிராயும் புகுந்த காயங்களின் வழியே பிறகு 13 பேருக்கு மியூகோர்மைகோசிஸ் என்ற பூஞ்சைத்தொற்று வந்தது. அவர்களில் 5 பேர் இறந்தார்கள். ஆணி குத்திய காலோடு வந்தவரிடம் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று விடாமல் கேட்டீர்கள். அழுக்குக் காயத்தை அவசரப்பட்டு மூடாமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினீர்கள்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால் நகர்த்தச் சொல்லி வீடு வீடாகப் போனவர்களுக்கும், பழைய துணி மூட்டைகளுக்குப் பதில் பணமாக அனுப்பியவர்களுக்கும் நன்றி.

வயலில் கிடந்த புகைப்படங்களைப் பொறுக்கியவர்களை மறக்க முடியாது. 2011 ஏப்ரல் 27 டொர்னேடோக்களில் ஒரு படம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பறந்து போயிருந்தது. சேறு படிந்த படத்தைத் துடைக்காமல் குளிர்ந்த நீரில் அலசி, படப்பக்கம் மேலிருக்கக் காயவைத்தீர்கள். 48 மணி நேரத்துக்குள் காயவைக்க முடியாதவற்றை உறையவைத்தீர்கள். வீடே போனவருக்கு இறந்த அம்மாவின் முகம் அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

ஒரு வேண்டுகோள். பெரும் பேரிடராக அறிவிக்கப்பட்ட இடத்தில் இடிபாடு அகற்றும் செலவில் ஃபெமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு பெரும்பாலும் 75 விழுக்காடு தரும். ஊர் ஏற்க வேண்டிய மீதியில் உங்கள் உழைப்பின் மதிப்பைக் கழித்துக்கொள்ள விதியில் இடமுண்டு. பெயர், தேதி, இடம், செய்த வேலை, மணி நேரம் ஐந்தும் எழுதியிருக்க வேண்டும். வருகைத் தாளில் எழுதாமல் கிளம்பியவர்கள் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். உங்கள் 8 மணி நேரம் இன்னும் அந்த ஊருக்கு உதவும்.

நன்றியுடன்,
மீட்புப் பணி ஒருங்கிணைப்பாளர்கள்