அம்மாகிட்ட ஒரு பாஷை, ஆபீஸ்ல ஒரு பாஷை

மச்சான்,

எப்படிடா இருக்க? போன மாசமே எழுதணும்னு நெனச்சேன், ஜகார்த்தா வந்து வேலைல செட்டில் ஆகவே மூணு மாசம் ஓடிருச்சு. சாயங்காலம் இந்தோனேசிய பாஷை கிளாஸ் போறேன், தட்டுத்தடுமாறி பேசுறேன்.

ஹாஸ்டல்ல விடிய விடிய சண்ட போடுவோமே, ஒரு நாட்டுக்குப் பொதுமொழின்னா பெரும்பான்மை மொழியத்தான வைக்க முடியும்னு நீ அடிச்சு சொல்லுவியே, இங்க வந்து பாருடா. 40 சதவீதத்துக்கு மேல ஜாவாக்காரங்க, ஆனா தேசிய மொழி ஜாவா மொழி இல்ல. துறைமுகத்துலயும் சந்தையிலயும் யாவாரத்துக்குப் பேசிட்டிருந்த மலாய்தான், 1928 அக்டோபர் இளைஞர் மாநாட்டுல அதையே இந்தோனேசிய மொழின்னு சொல்லி உறுதிமொழி எடுத்தாங்க, 1945ல அரசியல் சட்டத்துலயே ஏறிருச்சு.

ஜாவாக்காரங்க இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டாங்கன்னு எனக்கு ஆபீஸ்லதான் கொஞ்சம் வெளங்குச்சு. பக்கத்து சீட்டுல ஜாவாக்காரர் ஒருத்தர், ஊர்லேர்ந்து அம்மா போன் பண்ணா குரலே தணிஞ்சிரும். அவங்க பாஷைல சாப்பிடறதுக்கே ஃப்ரெண்டுன்னா ஒரு சொல்லு, பெரியவங்கன்னா 'தஹார்'னு வேற சொல்லு, மாத்திச் சொன்னா மரியாதக் கொறைச்சல். போன வெச்சுட்டு மேனேஜர் பக்கம் திரும்பினா இந்தோனேசிய மொழில சாப்பிடறதுக்கு வெறும் 'மாக்கான்', பியூன்கிட்டயும் அதேதான். யாரு மேல யாரு கீழன்னு யோசிக்காம வாயத் தொறக்க முடியுது பாரு, அது சின்ன விஷயமில்ல.

பாகிஸ்தான நெனச்சுப் பாரு. பாதிக்கு மேல வங்காளம் பேசின நாட்டுல 1948ல டாக்கா மேடையில நின்னு ஜின்னா உருது மட்டுந்தான்னாரு, 1952 பிப்ரவரி 21 மாணவங்கள சுட்டாங்க, 1971ல நாடே ரெண்டாச்சு. உருதுவும் அங்க நெறைய பேருக்குத் தாய்மொழி இல்லதான், ஆனா யாரையும் கேக்காம மேலேர்ந்து எறக்கினாங்கல்ல, அதான் எரிஞ்சுச்சு.

இங்கயும் முழுசா கொண்டாட மனசு வரலடா. 1975ல இந்தோனேசிய ராணுவம் கிழக்கு திமோருக்குள்ள போனப்புறம் இதே மொழியத்தான் அங்க பள்ளிக்கூடத்துல திணிச்சாங்க. திமோர்க்காரங்க 2002ல தனி நாடானதும் உள்ளூர் மொழியான தெதும், பழைய காலனி மொழியான போர்ச்சுகீஸ் ரெண்டையும் ஆட்சிமொழியா வெச்சுக்கிட்டாங்க.

நேத்து அந்த ஜாவாக்காரர் சொன்னாரு, அவர் பொண்ணுக்கு நாலு வயசு, பாட்டிகிட்ட இந்தோனேசிய மொழிலதான் பேசுதாம், 'தஹார்'னா என்னன்னு கேக்குதாம். சொல்லிட்டு ரொம்ப நேரம் கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலடா. நீ என்ன நெனைக்கிறன்னு பெருசா எழுது.