எழுத்துக் கூட்டத் திணறும் பேத்தி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாயிற்று. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்துவிட்டது. இந்த வருடமும் நான் ஒன்றாம் வகுப்பைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேத்தி 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், 'படம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கவலைப்படாதே, குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. ககர வரிசையைப் பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் 'கூ'வை மட்டும் தனியே காட்டிப் பார். 'க'விலிருந்து முணுமுணுத்துக்கொண்டேதான் அங்கே வந்து சேரும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிக் கூட்டுகிறாள் என்று காதுகொடுத்துக் கேள். போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் "ப... ட... இம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். 'படஇம்' என்றால் யாருக்குத்தான் புரியும்? மெய்யெழுத்தைத் தனியே சொல்ல வராது என்பதால் முன்னால் ஓர் இகரம் சேர்த்து இக், இங், இம் என்று பழக்குகிறோம். அந்த இகரத்தையும் எழுத்தின் ஒலி என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். "'ட' சொல்லிக்கொண்டே உதட்டை மூடுடா" என்றேன். மூடினான். உடனே கண்கள் விரிய, சுவரில் இருந்த மயில் படத்தைக் காட்டினான்!

உயிர் 12, மெய் 18. இவை சேரும் விதம் காதில் விழுந்துவிட்டால் 216 உயிர்மெய்யையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கீரை, கோவைக்காய், கத்தரிக்காய் மூன்றும் ஒரே 'க்'கில்தான் தொடங்குகின்றன என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குத் தானாகத் தெரியாது. கண்ணுக்கு அவை மூன்று வேறு எழுத்துகள். நீ காய் நறுக்கும்போது, "இதே மாதிரி தொடங்கும் இன்னொரு காய் சொல்லு" என்று கேட்டுப் பார்.

எழுத்தை ஒலிக்கும் நேரமான மாத்திரைக்குக் கண்ணிமை, கைநொடி என்று தொல்காப்பியம் அளவு சொல்வதைப் பயிற்சிப் பள்ளியில் படித்தோமே, அதை அப்படியே வகுப்பில் வைத்திருக்கிறேன். 'க'வுக்கு ஒரு சொடுக்கு, 'கா'வுக்கு இரண்டு. படம், பாடம், எடு, ஏடு. சொடுக்கில் வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் துணைக்காலும் கொம்பும். கொம்பில் மட்டும் அவசரப்படுத்தாதே. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. பிள்ளைகள் அங்கே தடுமாறுவது நியாயம்தான்.

'வாளப்பளம்' என்று எழுதியதற்காக அவளைப் பத்து முறை எழுத வைத்தார்களாம். படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. வீட்டில் யாரும் ழகரத்தை உச்சரிக்காதபோது அவள் கைக்கு அது எங்கிருந்து வரும்? முதலில் வாயில் வரட்டும்.

2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் பாட்டுக்கும் கதைக்கும் எங்கள் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோர்கள்தான் இன்னும் நோட்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உன் மகனிடமும் பேசு.

அரையாண்டு விடுமுறையில் கோவைக்கு வருகிறேன். அதுவரை எழுத்து அட்டை எதுவும் வாங்காதே. தினமும் ராத்திரி ஒரு கதை சொல். வந்ததும் அவளோடு உட்கார்ந்து எங்கே தடுக்குகிறது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி