ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு மிஸ்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மிஸ்,

வணக்கம். இந்த ஜூனில் உங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். பெயர் போடவில்லை, படித்ததும் யாரென்று உங்களுக்குப் புரிந்துவிடும். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் பின்னால் பெரிய வரிசை நிற்கும்போது, கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரிப் பிள்ளைகள் மற்ற வகுப்புகளிலும் இருப்பார்கள், அவர்களுடைய மிஸ்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதம்மா" என்றாள்.

அவளுக்கு முகம் பிடிபடாது. டாக்டர்கள் இதை ப்ரோசோபக்னோசியா என்பார்கள். ஃபேஸ் பிளைண்ட்னஸ் என்று கூகுளில் தேடினாலும் கிடைக்கும்.

கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போர்டில் உள்ள பொடி எழுத்தைக்கூடப் படிப்பாள். ஞாபகசக்திக்கும் குறைவில்லை. குறள் ஒப்பிக்கச் சொல்லிப் பாருங்கள், அதிகாரம் அதிகாரமாகச் சொல்வாள். உங்கள் முகத்தில் கோபம் வந்தால் அதுவும் உடனே தெரியும். அது யாருடைய கோபம் என்பதுதான் தெரியாது. கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும். அதெல்லாம் சேர்ந்து 'இவர் இன்னார்' என்று ஆவதில்லை, அவ்வளவுதான். ஆற்றங்கரையில் ஒரு கூழாங்கல்லைக் காட்டிவிட்டு, மறுநாள் கூடை நிறையக் கல்லைக் கொட்டி, நேற்றுப் பார்த்த கல்லை எடு என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கீறலோ புள்ளியோ இருக்கிறதா என்று தேடுவீர்கள். அவளும் அதைத்தான் செய்கிறாள், நாள் முழுக்க.

இதற்குப் பெயர் வைத்தவர் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர், 1947-இல். தலையில் குண்டடி பட்ட ஓர் இளைஞர், சொந்தக்காரர்கள் முகம் மட்டுமல்ல, கண்ணாடியில் தன் முகத்தையே அடையாளம் காண முடியாமல் போனதை அவர் எழுதி வைத்தார். மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலது பாதியில், முகங்களைப் பார்க்கும்போது விசேஷமாக வேலை செய்கிற ஒரு சின்ன இடம் இருப்பதை 1997-இல் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். பக்கவாதத்தாலோ விபத்தாலோ அந்தப் பகுதி பழுதானால் இப்படி ஆகலாம். ஆனால் என் மகளுக்கு அடியும் படவில்லை, காய்ச்சலும் வந்ததில்லை. பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் குடும்ப வழியில் வரும். எனக்கும் உண்டு. என் அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் கூடப்பிறந்த தம்பியையே கண்டுகொள்ளாமல் போய்விடுவார். ஊரில் அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2006-இல் ஜெர்மனியில் 689 மாணவர்களிடம் செய்த ஆய்வில் 17 பேருக்கு இருந்தது. 2023-இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு, லேசாக இருப்பவர்களையும் சேர்த்தால் 33 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்றது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஒருவர் இருக்கலாம்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். முகம் தெரியாதவர்களுக்கு ஊன்றுகோல் எது? முடி, உடை, நடை, குரல், நிற்கிற இடம். இதில் முதல் இரண்டையும் நம் பள்ளிகள் வாசலிலேயே பிடுங்கிக்கொள்கின்றன. ஒரே யூனிஃபார்ம், மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ஒரே நிற ரிப்பன். ஏற்றத்தாழ்வு தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இவளுக்கு அசெம்பிளி என்பது ஒரே பெண்ணை நானூறு தடவை நிறுத்தி வைத்த மாதிரி. பிறந்தநாள் என்று யாராவது கலர் டிரஸ்ஸில் வந்தால் அன்றைக்கு அந்த ஒருத்தியை மட்டும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவாள். குழந்தைகள் தினத்தன்று எல்லாரும் கலர் டிரஸ்ஸில் வந்தால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மற்றவர்கள் கவனிக்காததையெல்லாம் இவள் கவனித்து வைத்திருப்பாள். ஒருத்திக்கு இடது காதில் தோடு கொஞ்சம் தொங்கும். இன்னொருத்தி ஷூவைத் தேய்த்து நடப்பாள். மூன்றாமவள் பேச ஆரம்பிக்குமுன் மூக்கை உறிஞ்சுவாள். போன பள்ளியில் இவளுடைய உயிர்த்தோழி கோடை விடுமுறையில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவள், "இது என் ஃப்ரெண்டோட இடம், எழுந்திரு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். நான் அவள் அம்மாவுக்கு போன் போட்டு விளக்கினேன். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

அதே பள்ளியில் ஒரு ஆசிரியை டைரியில் 'பெரியவர்களுக்கு மரியாதை தருவதில்லை' என்று எழுதி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், இவள் வெறித்துப் பார்த்துவிட்டு வெண்டைக்காய் பொறுக்கப் போய்விட்டாள். வகுப்பில் காட்டன் சேலையும் கண்ணாடியுமாகப் பார்த்தவர், அன்று சுடிதாரில் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார். இவளைப் பொறுத்தவரை அவர் யாரோ.

அப்புறம் நோட்டு. திருத்திய நோட்டுக் கட்டைப் பொறுப்பான பிள்ளையிடம் கொடுத்து "எல்லாருக்கும் குடுத்துட்டு வா" என்பது எல்லா மிஸ்களும் செய்வதுதான், அது ஒரு கௌரவமும்கூட. என் மகளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அட்டையில் பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குரிய முகம் எது என்று தெரியாமல் நடுவில் நிற்பாள். பெயரைக் கத்தினால் "கண்ணு தெரியலையா?" என்பார்கள். கிளாஸ் லீடராக்கி, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னால் இன்னும் மோசம். பேசாத பிள்ளை பெயரை எழுதி வைப்பாள். பாடத்திலும் இது வரும். படத்தைப் பார்த்துத் தலைவர் பெயரை எழுதச் சொன்னால் முண்டாசை வைத்து பாரதியாரையும், தொப்பியை வைத்து நேருவையும் எழுதிவிடுவாள். தாகூர் தாடிக்கும் பெரியார் தாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள். மார்க் போனால் போகட்டும், 'படிக்கவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

"நல்லா உத்துப் பாரு, தெரியும்" என்று பலர் சொல்வதுண்டு. நாற்பது வயது வரை உற்றுப் பார்த்தவள் சொல்கிறேன், தெரியாது. பிராட் டுஷேனும் கென் நாகயாமாவும் 2006-இல் உருவாக்கிய ஒரு தேர்வு இருக்கிறது. தலைமுடி தெரியாதபடி வெட்டிய முகங்களைக் காட்டி, பிறகு மற்ற முகங்களோடு கலந்து, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். எனக்கு அத்தனையும் ஒரே ஆள்தான். மருந்தும் கிடையாது. பயிற்சியால் கொஞ்சம் தேறியவர்கள் உண்டு என்கிறார்கள், ஆனால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. 'உன்கிட்ட ஒரு தனித் திறமை இருக்கு' என்கிற ஆறுதலும் எங்களுக்கு வேண்டாம். ஆலிவர் சாக்ஸ் என்ற பெரிய நரம்பியல் மருத்துவருக்கே இது இருந்தது. எதிரில் வந்த தாடிக்காரர் மேல் மோதப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்; பார்த்தால் அது கண்ணாடியில் தெரிந்த அவரே. சிம்பன்சிகளோடு வாழ்ந்த ஜேன் குடாலும், சாதாரண முகம் உள்ளவர்களிடம் மச்சம் எங்கே என்று தேடியவர்தான். அவர்கள் பெரிய ஆளாக வந்தது வேறு காரணங்களால்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சித்திரவதை உண்டு. கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா கன்னத்தைப் பிடித்து, "என்னைத் தெரியுதா? யாரு, சொல்லு பாப்போம்!" என்பார். அன்றைக்கு எல்லாருமே பட்டுச்சேலை, எல்லார் தலையிலும் மல்லிகைப்பூ. நான் அந்தக் காலத்திலேயே ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். வயதானவர் என்றால் "வாங்க அத்தை, உடம்பு எப்படி இருக்கு? வீட்ல எல்லாரும் வந்திருக்காங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். மூன்றாவது வாக்கியத்தில் யார் வீட்டு அத்தை என்று அவரே காட்டிக்கொடுத்துவிடுவார். மகள் இன்னும் அந்த அளவுக்குத் தேறவில்லை. பதினோரு வயதில் அந்தத் தந்திரமெல்லாம் தேவைப்படவும் கூடாது.

எனவே மிஸ், உங்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் இதுதான்: அவளைச் சோதிக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். வராண்டாவில் பார்த்தால் "நான் உங்க கிளாஸ் மிஸ்" என்று ஒரு வார்த்தை. வேறு மிஸ்ஸிடம் அனுப்பினால் "சயின்ஸ் மிஸ்கிட்ட குடு" என்பதோடு நிறுத்தாமல், "நீலச் சேலை, ஜன்னல் பக்கத்து மேஜை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாதா மாதம் இடம் மாற்றி உட்கார வைப்பது உங்கள் வழக்கமென்றால் மாற்றுங்கள், ஆனால் யார் எங்கே என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிடுங்கள். வகுப்பு முழுக்க அறிவிக்க வேண்டாம். யாரிடம் சொல்வது என்று அவளே முடிவு செய்யட்டும். பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவள் இப்போது யாராவது வந்தால், "ஏய், கீர்த்தனா வந்துட்டா" என்று சத்தமாகச் சொல்லித் தருகிறாளாம். ஒரு பிள்ளைக்குப் பத்தே நாளில் புரிந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பள்ளி விட்டதும் யார் வந்து "அம்மா அனுப்பினாங்க" என்றாலும், வந்தது சொந்த மாமாவாகவே இருந்தாலும், எங்கள் வீட்டு ரகசிய வார்த்தையைச் சொல்லாமல் அவளை அனுப்பக்கூடாது. சிரித்துப் பேசுகிற எவரையும் தெரிந்தவர் என்று நம்பிவிடக்கூடிய பிள்ளை இவள். அந்த வார்த்தையைத் தனியாகச் சொல்கிறேன்.

கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு பெண்மணி பச்சைக் குடையை விரித்துக்கொண்டு, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். மணி அடித்ததும் யூனிஃபார்ம் வெள்ளமாக வெளியே வரும். அதில் என் பெண்ணை என்னால் தேடிப் பிடிக்க முடியாது, அவளாலும் அம்மாக்கள் கூட்டத்தில் என்னைப் பிடிக்க முடியாது. அதனால் நான் குடையோடு அசையாமல் நிற்பேன், அவள் குடையைத் தேடி வருவாள். வாட்ச்மேன் அண்ணா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். நேரம் கிடைத்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நோட்டுக் கட்டுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு பொறுப்பு தர விரும்பினால், அட்டென்டன்ஸ் கூப்பிடச் சொல்லுங்கள். ரிஜிஸ்டரைப் பார்த்து அவள் பெயரைப் படிப்பாள், ஒவ்வொருத்தியும் "பிரசன்ட்" என்பாள். குரலும் அது வரும் திசையும் அவளுக்கு மனப்பாடமாகும். அரைப் பரீட்சைக்குள் வகுப்பு முழுக்க அவளுக்கு அத்துப்படியாகிவிடும்.

இப்படிக்கு,
பச்சைக் குடை அம்மா